கால் கற்றதை வாய் சொல்லும் காலம்

ஐரோப்பிய கிளப் கால்பந்தின் உச்சக் கோப்பையைக் கையில் ஏந்திய முதல் லிதுவேனியர் எட்கரஸ் யன்கௌஸ்கஸ். ஆட்டக்காரராகப் பதக்கங்களைச் சேர்த்தவர், சொந்த நாட்டின் பயிற்சியாளரானதும் தோல்விகளை எண்ண நேர்ந்தது. தவறு அவரிடமா, அவர் அமர்ந்த நாற்காலியிலா?

1990 மார்ச் 11. சோவியத் யூனியனுக்குள் அடைபட்டிருந்த லிதுவேனியாவின் நாடாளுமன்றம் அன்று இரவு வில்னியஸ் நகரில் கூடி, ‘இனி நாங்கள் தனி நாடு’ என்று பிரகடனம் செய்தது. மறுநாள் அதே நகரில் ஒரு பையனுக்கு 15 வயது பூர்த்தியானது. வயதை மீறிய உயரம், காலில் எப்போதும் பந்து. பெயர் எட்கரஸ் யன்கௌஸ்கஸ்.

பிறந்த நாளுக்கு நாடே பரிசாகக் கிடைத்த கதை என்று இதைச் சொல்லிவிடலாம். ஆனால் கால்பந்து ஆட நினைத்த பையனுக்கு அந்தப் பரிசு ஒரு கதவைத் திறந்து இன்னொரு கதவைச் சாத்தியது. வில்னியஸின் பெருமையான ஜால்கிரிஸ் கிளப் 1987-இல் சோவியத் முதல் பிரிவு லீகில் மூன்றாம் இடம் பிடித்த அணி. மாஸ்கோ, கீவ், திபிலிசி அணிகளுடன் மோதிப் பழகியது. 1990-இல் அது அந்த லீகிலிருந்து வெளியேறியது. சுதந்திரத்துக்காகக் கால்பந்து கொடுத்த விலை அது. லட்சம் பேர் பார்த்த போட்டிகள் போய், சில நூறு பேர் பார்க்கும் போட்டிகள் வந்தன.

1991 ஜனவரியில் சோவியத் டாங்குகள் வில்னியஸ் தொலைக்காட்சிக் கோபுரத்தைச் சூழ்ந்தன. 14 பேர் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டுதான் யன்கௌஸ்கஸ் ஜால்கிரிஸ் சட்டையை அணியத் தொடங்கினார். ஐந்தே வருடங்களில் அவர் போய்ச் சேர்ந்த இடம் மாஸ்கோ. அதுவும் சோவியத் ராணுவத்தின் கிளப்பாக வளர்ந்த சி.எஸ்.கே.ஏ. கால்பந்து ஆட்டக்காரனின் பிழைப்பு அரசியல் கணக்குகளுக்குக் கட்டுப்படுவதில்லை.

ஊர் ஊராக ஒரு பயணம்

மாஸ்கோவில் இரண்டு கிளப்புகள். அடுத்து பெல்ஜியத்தின் புரூஜ் கிளப். அங்கே 1998-இல் லீக் பட்டம். பிறகு ஸ்பெயினின் ரியல் சோசியதாத். 2002-இன் முற்பாதியில் கடன் முறையில் லிஸ்பனின் பென்பிகா. அதே ஆண்டு போர்ச்சுகலின் வடக்கே இருக்கும் போர்ட்டோ. லிதுவேனிய ஆட்டக்காரர் ஒருவர் இவ்வளவு பெரிய வீடுகளின் வாசலை மிதித்தது அரிது.

ஆள் உயரம், தலையால் முட்டி கோல் போடுவதில் கெட்டிக்காரர். ஆனால் முட்டுவதோடு நிற்கும் ரகம் அல்ல. நீளமாக வரும் பந்தை மார்பில் வாங்கி, எதிராளியை முதுகில் தாங்கிக்கொண்டு, ஓடி வரும் சகாவுக்கு நகர்த்திக் கொடுப்பதுதான் அவருடைய முக்கிய வேலை. கோல் பட்டியலில் பெயர் வராத வேலை. ஆனால் அது இல்லாமல் கோல் விழாது.

போர்ட்டோவில் அவருக்கு வாய்த்த பயிற்சியாளர் ஜோஸ் மொரின்யோ. பெரிய ஆட்டக்காரராக ஒருபோதும் இருந்திராதவர். 1992-இல் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கிளப்புக்குப் பயிற்சியாளராக வந்த ஆங்கிலேயர் பாபி ராப்சனுக்கு மொழிபெயர்ப்பாளராக வேலைக்குச் சேர்ந்து, அவர் பின்னாலேயே போர்ட்டோவுக்கும் பார்சிலோனாவுக்கும் போய், கேட்டதைச் சொல்லிச் சொல்லியே தொழில் கற்றவர். அந்த மனிதரின் கீழ் போர்ட்டோ 2003-இல் லீக், போர்ச்சுகல் கோப்பை, யுஇஎப்ஏ கோப்பை மூன்றையும் வென்றது. 2004-இல் மீண்டும் லீக். மே 26 அன்று ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷனில் மொனாக்கோவை 3-0 என்று வீழ்த்தி சாம்பியன்ஸ் லீக் கோப்பை.

அந்த இறுதியாட்டத்தில் யன்கௌஸ்கஸ் களமிறங்கவில்லை. மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்தார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த பெஞ்ச் சாதாரண பெஞ்ச் அல்ல. அங்கே உட்கார்ந்திருந்த மாற்று கோல் கீப்பர் நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோ பின்னாளில் போர்ட்டோ, உல்வர்ஹாம்ப்டன், டாட்டன்ஹாம், நாட்டிங்ஹாம் பாரஸ்ட் கிளப்புகளுக்குப் பயிற்சியாளரானார். அங்கிருந்து எழுந்து போய் மூன்றாவது கோலைப் போட்ட ரஷ்யர் திமித்ரி அலெனிச்செவ், மாஸ்கோவின் ஸ்பார்ட்டக் கிளப்பை நடத்தினார். மூன்றாவது ஆள் யன்கௌஸ்கஸ். ஓடுகிறவனுக்குத் தன் பக்கம் மட்டும்தான் தெரியும். உட்கார்ந்திருப்பவனுக்கு மைதானம் முழுவதும் தெரியும்.

எடின்பரோ கற்றுக்கொடுத்தது

பயிற்சியாளர் வேலையின் மறுபக்கத்தை அவர் பார்த்தது ஸ்காட்லாந்தில். எடின்பரோவின் பழம்பெரும் கிளப்பான ஹார்ட்ஸை விளாதிமிர் ரோமானோவ் என்ற லிதுவேனிய வங்கி அதிபர் தன் வசமாக்கியிருந்தார். 2005-இல் யன்கௌஸ்கஸ் அங்கே போனார். அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் பயிற்சியாளர் ஜார்ஜ் பர்லி. அணி லீகில் ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அக்டோபரில் பர்லி வெளியேறினார். முதலிடத்தில் இருக்கும் அணியின் பயிற்சியாளர் வீட்டுக்குப் போவது எங்குமே வழக்கமில்லாத வழக்கம். அடுத்து வந்த கிரஹாம் ரிக்ஸ் நான்கு மாதங்கள் சொச்சம் தாங்கினார். 2006 மார்ச்சில் அந்த நாற்காலி வால்டஸ் இவனௌஸ்கஸிடம் வந்தது.

இவனௌஸ்கஸ் யார் என்று லிதுவேனியாவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 1987-இல் மூன்றாமிடம் பிடித்த அதே ஜால்கிரிஸின் முன்கள ஆட்டக்காரர். சோவியத் அணிக்கு ஆடி, பிறகு சுதந்திர லிதுவேனியாவுக்கும் ஆடியவர். ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப்பில் நான்கு வருடங்கள் இருந்தவர். யன்கௌஸ்கஸுக்கு ஒன்பது வயது மூத்தவர். முந்தின தலைமுறையின் ஹீரோ பயிற்சியாளர், அடுத்த தலைமுறையின் ஹீரோ ஆட்டக்காரர் என்று இருவரும் ஒரே உடைமாற்றும் அறையில் சந்தித்தார்கள்.

விளைவு நன்றாகவே இருந்தது. ஸ்காட்டிஷ் கோப்பை அரையிறுதியில் உள்ளூர்ப் பரம எதிரி ஹிபர்னியனை ஹார்ட்ஸ் 4-0 என்று நொறுக்கியது. பால் ஹார்ட்லி மூன்று கோல், யன்கௌஸ்கஸ் ஒன்று. மே 13 இறுதியாட்டத்தில் கீழ்ப் பிரிவு அணியான கிரெட்னா முரண்டு பிடித்தது. 1-1 என்று நின்ற ஆட்டம் கடைசியில் பெனால்டி உதைகளில் முடிந்து, கோப்பை ஹார்ட்ஸ் கைக்கு வந்தது. லீகில் இரண்டாமிடம். செல்டிக், ரேஞ்சர்ஸ் இரண்டையும் தவிர வேறொரு கிளப் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தது 1995-க்குப் பிறகு அதுவே முதல் முறை.

அப்படிப்பட்ட பயிற்சியாளரின் நாற்காலி எவ்வளவு நாள் உறுதியாக இருந்தது? அக்டோபரில் இவனௌஸ்கஸ் உடல்நலக் குறைவால் விடுப்பில் போனார். அந்த இடைவெளியில் கேப்டன் ஸ்டீவன் பிரெஸ்லி, ஹார்ட்லி, கோல் கீப்பர் கிரெய்க் கோர்டன் மூவரும் பத்திரிகையாளர்கள் முன் வந்து, அணிக்குள் அமைதியில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். இவனௌஸ்கஸ் திரும்பி வந்தார்; 2007 மார்ச்சில் போயே போனார். கோப்பை வென்று ஒரு வருடம்கூட ஆகவில்லை.

ஆட்டக்காரன் சரியாக ஆடவில்லை என்றால் ஒரு நாள் உட்கார வைப்பார்கள். பயிற்சியாளர் வென்றாலும் அனுப்பிவிடுவார்கள். இதைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகும் ஒருவர் அந்த வேலைக்கு ஆசைப்பட்டால், அதற்குப் பதவி மோகம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

பந்து போன பிறகு

ஹார்ட்ஸுக்குப் பிறகு சைப்ரஸ், லாட்வியா, மறுபடி போர்ச்சுகல், சொந்த ஊர், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ரெவல்யூஷன், கடைசியாக ரஷ்யாவின் வொரோனெஷ். 2010-இல் காலணியைக் கழற்றினார். நாட்டுக்காக 56 ஆட்டங்கள், 10 கோல்கள்.

ஐரோப்பாவில் நேற்று வரை ஆடியவர் இன்று காலை பயிற்சியாளராகிவிட முடியாது. படிப்படியாக உரிமச் சான்றிதழ்கள் வாங்க வேண்டும். உச்சியில் ‘புரோ’ உரிமம். வகுப்பு, தேர்வு, களப் பயிற்சி எல்லாம் உண்டு. முப்பதைத் தாண்டிய நட்சத்திரங்கள் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்து, 17 வயதுப் பையன்களுக்குப் பாடம் எடுப்பது எப்படி என்று எழுதிப் பழக வேண்டும். யன்கௌஸ்கஸ் மாஸ்கோவின் லோகோமோட்டிவ் கிளப்பில் உதவிப் பயிற்சியாளராகத் தொடங்கினார். மறுபடியும் அடிப்படி.

கடினம் சான்றிதழில் இல்லை. முன்கள ஆட்டக்காரனின் அறிவு உடம்பில் இருக்கிறது. பந்து எங்கே விழும் என்று யோசிப்பதற்குள் கால் அங்கே போய்விடும். ‘எப்படித் தெரிந்தது?’ என்று கேட்டால் பெரும்பாலான ஆட்டக்காரர்களிடம் பதில் இருக்காது. பயிற்சியாளரோ அந்த பதிலை மட்டுமே வைத்துப் பிழைக்க வேண்டியவர். தன் கால் அறிந்ததைச் சொல்லாக்க வேண்டும். அந்தச் சொல் இன்னொருவன் காலில் போய் மறுபடி செயலாக வேண்டும். இது மொழிபெயர்ப்பு வேலைதான். மூலத்தில் இருப்பதை எல்லாம் அறிந்தவர்கூட பெயர்க்கும்போது தடுமாறுவார். இலக்கு மொழியில் அதற்குரிய சொல் இருக்க வேண்டுமே. மொழிபெயர்ப்பாளராகத் தொடங்கிய மொரின்யோ, தன்னைவிட ஆயிரம் மடங்கு நன்றாக ஆடத் தெரிந்தவர்களை நடத்த முடிந்ததன் ரகசியம் இதில்தான் இருக்கிறது. அவருடைய மாணவர் யன்கௌஸ்கஸுக்கு மூலம் நன்றாகவே தெரியும். இலக்கு மொழிதான் ஏழை மொழி.

சட்டியில் எவ்வளவு?

2016-இன் தொடக்கத்தில் லிதுவேனிய தேசிய அணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கிளப் பயிற்சியாளருக்கு வேண்டிய ஆள் இல்லை என்றால் விலை கொடுத்து வாங்கலாம். தேசிய அணியின் பயிற்சியாளர் தன் நாட்டில் பிறந்தவர்களை வைத்துத்தான் குடும்பம் நடத்த வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

லிதுவேனியாவின் சட்டி சின்னது. சுதந்திரத்தின்போது சுமார் 37 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 2021 கணக்கெடுப்பில் 28 லட்சம். வேலை தேடி மேற்கே போனவர்கள் ஏராளம். மிச்சமிருப்பவர்களின் மனம் கூடைப்பந்தில். கூடைப்பந்து அங்கே இன்னொரு மதம் என்பார்கள். 1937, 1939, 2003 ஆண்டுகளில் ஐரோப்பிய சாம்பியன். சுதந்திரம் பெற்றதும் கலந்துகொண்ட முதல் கோடை ஒலிம்பிக்ஸிலேயே, 1992-இல் பார்சிலோனாவில், வெண்கலம். பையன் கொஞ்சம் உயரமாக வளர்ந்தால் கையில் கூடைப்பந்தைத் திணிப்பார்கள். யன்கௌஸ்கஸ் போன்ற ஒரு உயரமான ஆள் கால்பந்துக்குத் தப்பி வந்ததே அதிசயம்.

மைதானத்தின் கதை இன்னும் பரிதாபம். வில்னியஸில் தேசிய ஸ்டேடியம் கட்டும் வேலை 1987-இல் தொடங்கியது. நாடு விடுதலை பெற்றது, பணம் தீர்ந்தது, வேலை நின்றது. 2008-இல் மறுபடி தொடங்கி மறுபடி நின்றது. முடிவடையாத கான்கிரீட் எலும்புக்கூட்டைப் பார்த்தபடியே ஒரு தலைமுறை வளர்ந்து பெரியதானது. யன்கௌஸ்கஸின் முதல் பதவிக்காலத்தில் தேசிய அணி விளையாடியது வில்னியஸில் சுமார் 5,000 பேர் மட்டுமே அமரக்கூடிய, செயற்கைப் புல் விரித்த சிறிய அரங்கில். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அங்கேதான் வந்து ஆடிவிட்டுப் போயின.

கடைசி நிமிடங்களின் கணக்கு

2018 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. 2016 செப்டம்பரில் முதல் ஆட்டம் ஸ்லோவேனியாவுடன். இடைவேளையில் 2-0 என்று லிதுவேனியா முன்னிலை. 77-வது நிமிடம் ஒரு கோல் திரும்பியது. ஆட்டம் முடியப் போகும் கூடுதல் நேரத்தில் இன்னொன்று. 2-2. அக்டோபரில் கிளாஸ்கோ. பியோதர் செர்னிக் கோல் போட, ஸ்காட்லாந்தை அதன் சொந்த மண்ணில் வீழ்த்தப் போகிறார்கள் என்ற நிலை. 89-வது நிமிடம் ஜேம்ஸ் மக்ஆர்தர் தலையால் முட்டினார். 1-1. மூன்று நாள் கழித்து மால்டாவை 2-0 என்று வென்றார்கள். மூன்று ஆட்டம், ஐந்து புள்ளி, தோல்வியே இல்லை. வில்னியஸில் கொஞ்சம் நம்பிக்கை துளிர்த்தது.

பிறகு அது வாடியது. மிச்சமிருந்த ஏழு ஆட்டங்களில் கிடைத்தது மால்டாவுடன் சமன் செய்த ஒரே ஒரு புள்ளி. 2017 அக்டோபரில் கடைசி ஆட்டத்தில் இங்கிலாந்திடம் ஹாரி கேனின் ஒரே பெனால்டியில் தோற்றார்கள். 2018-இல் புதிதாகத் தொடங்கிய நேஷன்ஸ் லீகில் செர்பியா, ருமேனியா, மான்டிநெக்ரோ அணிகளுடன் ஆறு ஆட்டம், ஆறும் தோல்வி. அந்த ஆண்டு இறுதியோடு யன்கௌஸ்கஸ் விடைபெற்றார்.

இந்த எண்களை மழுப்பத் தேவையில்லை. ஆறுக்கு ஆறு தோல்வி என்பது தோல்விதான். ஆனால் ஸ்லோவேனியா, ஸ்காட்லாந்து ஆட்டங்களைக் கவனியுங்கள். 90 நிமிட ஆட்டத்தில் 75 நிமிடம் திட்டம் வேலை செய்தது. அது பயிற்சியாளரின் பங்கு. கடைசிப் பதினைந்து நிமிடத்தில் கால் தளர்ந்தபோது, புதிய காலை அனுப்ப பெஞ்சில் தரமான ஆள் இல்லை. அது நாட்டின் பங்கு. கெல்சன்கிர்ஷனில் மொரின்யோ பெஞ்சைத் திரும்பிப் பார்த்தால் அலெனிச்செவ் எழுந்து வந்து கோல் போட்டார். பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தவரே லிதுவேனியாவின் ஆகச் சிறந்த முன்கள ஆட்டக்காரர். அந்த ஒரு பெஞ்சின் கனம் ஒரு நாட்டுக்கு இல்லை.

திரும்பி வந்த மனிதர்

2021-இல் தேசிய அணியின் நாற்காலியில் அமர்ந்தவர் யார் தெரியுமா? ஹார்ட்ஸின் அதே இவனௌஸ்கஸ். அவரும் 2022-ஐத் தாண்டவில்லை. 2023-இல் யன்கௌஸ்கஸ் மறுபடி அழைக்கப்பட்டார். ஒருமுறை சுட்ட அடுப்பில் மறுபடி கை வைக்க யாருக்கும் தயக்கம் இருக்கும். அவர் வந்தார்.

இந்த முறை தொடக்கம் மெல்ல நிமிர்ந்தது. யூரோ 2024 தகுதிச் சுற்றில், 2023 அக்டோபரில், பல்கேரியாவை அதன் சொந்த மண்ணில் 2-0 என்று சாய்த்தார்கள். 1994 உலகக் கோப்பையில் அரையிறுதி வரை போன நாடு பல்கேரியா. மூன்றே நாளில் வலுவான ஹங்கேரியுடன் 2-2. ஐந்து அணிகள் கொண்ட பிரிவில் பல்கேரியாவைக் கடைசிக்குத் தள்ளி நான்காமிடம். பெரிய நாடுகளுக்கு நான்காமிடம் என்பது பதவி நீக்கக் கடிதம். லிதுவேனியாவுக்கு அது முன்னேற்றம்.

ஆனால் 2024 நேஷன்ஸ் லீகில் பழைய கதை. ருமேனியா, கொசோவோ, சைப்ரஸ் அணிகளுடன் ஆறு ஆட்டம், ஆறும் தோல்வி. பலவும் ஒரே கோல் வித்தியாசத்தில். ஒரே பயிற்சியாளர், இரண்டு பதவிக்காலம், இரண்டிலும் ஒரே பூஜ்யம். விமர்சகர்கள் கையில் இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது. ஒற்றைக் கோலில் மீண்டும் மீண்டும் தோற்பதில் பயிற்சியாளருக்கும் பங்கு உண்டு என்று அவர்கள் சொன்னால் மறுக்க முடியாது. சின்ன நாடு என்ற காரணம் எல்லாத் தோல்வியையும் போர்த்தும் போர்வையும் அல்ல. மூன்றரை லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்து 2016 யூரோவில் இங்கிலாந்தையே வீட்டுக்கு அனுப்பியது. ஆனால் அந்த வெற்றியை ஒரு பயிற்சியாளர் ஒரு வருடத்தில் சமைக்கவில்லை. கூரை போட்ட மைதானங்களும், ஊருக்கு ஊர் தகுதி பெற்ற இளையோர் பயிற்சியாளர்களுமாகப் பல வருடம் போட்ட உரம் அது. தேசியப் பயிற்சியாளர் அறுவடைக்கு வருகிறவர். விதைத்தவர் யார் என்ற கேள்வியை அவரிடம் மட்டும் கேட்பது நியாயமாகாது.

2025 செப்டம்பர் 7. கௌனஸ் நகரம். 2022-இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட அரங்கு. உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் எதிரே நெதர்லாந்து. முதல் பாதியிலேயே இரண்டு கோல் வாங்கியாயிற்று. ஆனால் இடைவேளைக்குள் லிதுவேனியா இரண்டையும் திருப்பிக் கொடுத்தது. 2-2. இரண்டாம் பாதியில் மெம்பிஸ் டிபே தன் இரண்டாவது கோலைப் போட்டார். ஆட்டம் 3-2. நெதர்லாந்தின் வரலாற்றில் அதிக கோல் அடித்தவர் என்ற சாதனை அன்றிரவு டிபேவுக்குக் கிடைத்தது. உலகப் பத்திரிகைகள் அதைத்தான் எழுதின.

தோற்ற அணியின் பக்கம் நின்ற உயரமான மனிதரைப் பற்றி எழுத யாருக்கும் நேரமில்லை. சாம்பியன்ஸ் லீக் பதக்கத்தை வைத்துக்கொண்டு ஐரோப்பாவின் ஏதோ ஒரு வெயிலூரில் அவர் சுகமாக இருந்திருக்கலாம். அதை விட்டு, தோற்பது ஏறத்தாழ நிச்சயம் என்று தெரிந்த வேலைக்கு இரண்டு முறை வந்தவர் அவர். மைதானத்தில் அவர் செய்துவந்ததும் அதுதானே. எதிராளியை முதுகில் தாங்கி, பந்தை நகர்த்திக் கொடுத்து, கோலைப் பிறர் போட விடும் வேலை. பயிற்சியாளரானபோது முதுகில் இருந்தது ஒரு நாடு, அவ்வளவுதான் வித்தியாசம். நகர்த்திய பந்து யார் காலுக்குப் போய்ச் சேரும் என்பது, அன்று கௌனஸ் அரங்கின் இருக்கைகளில் உட்கார்ந்து 2-2 என்ற பலகையைப் பார்த்த பையன்களில் எத்தனை பேர் மறுநாள் காலை கூடைப்பந்தை எடுக்காமல் கால்பந்தை எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது.